சிங்க்கில் ஊற்றிய கஞ்சி

எங்கள் வீட்டுச் சமையலறை சிங்க்கை அடைத்தவன் நான். அந்தப் பழியை மருமகள் மீது போட்டவனும் நான்தான். போடும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். எழுபது வயதைத் தாண்டிவிட்டதால் மறதி, தடுமாற்றம் என்று எதையாவது சொல்லி நழுவலாம். அப்படி எதுவும் இல்லை. எனக்குக் கஞ்சி பிடிக்கவில்லை. மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் பிடிக்கவில்லை. காரணம் அவ்வளவுதான்.

நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவுப் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், வலங்கைமான் பக்கம் என்று போன இடமெல்லாம் மதகும் வாய்க்காலும்தான் என் பிழைப்பு. இப்போது தஞ்சாவூரின் ஓரத்தில், கொல்லையில் நாலு வாழை நிற்கிற ஒரு வீட்டில் இருக்கிறோம். மகன் சிங்கப்பூரில். மருமகள் கால்நடை மருத்துவர், ஒரத்தநாட்டில் படித்தவள். பக்கத்து ஊர் மருந்தகத்தில் அவளுக்கு வேலை என்பதால் எங்களோடு தங்கியிருக்கிறாள்.

இருவரும் தாங்களாகவே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மருமகளின் குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன்புவரை எங்களைப் போன்றவர்களின் வயலில் வேலை செய்த குடும்பம். நான் படித்தவன், எனக்கு இதில் ஒன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். என் மனைவி அப்படியெல்லாம் சொல்லவில்லை. ஆனால் மெல்ல மெல்லப் பழகி வந்தாள். முதலில் மருமகளைக் காய் நறுக்கச் சொன்னாள். பிறகு ரசம் வைக்கச் சொன்னாள். சிங்க் அடைத்துக்கொண்ட சமயத்தில், காலைச் சமையலை அவளிடமே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிற அளவுக்கு வந்திருந்தாள். அதை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். மனைவி அதோடு விடவில்லை. மாப்பிள்ளைச் சம்பா அரிசியை உடைத்து, வெந்தயம் சேர்த்து, உப்பில்லாமல் குழையக் குழையக் கஞ்சி காய்ச்சி, தினமும் காலையில் ஒரு பெரிய லோட்டா நிறைய மேசையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புவாள். சிவப்புக் கஞ்சி. நல்ல அரிசிதான், நம் மண்ணின் அரிசிதான், ஊரே இப்போது அதைத் தேடி வாங்குகிறது. எனக்கு என்னவோ நாற்றங்கால் சேற்றை வெதுவெதுப்பாகக் குடிப்பதுபோல் இருந்தது. நாலைந்து நாள் குடித்தேன். பிறகு முடியவில்லை.

எங்கே கொட்டுவது என்று நிதானமாக யோசித்தேன். வாழையடியில் கொட்டினால் மண் சிவக்கும், காக்காய் கூடும், காட்டிக் கொடுத்துவிடும். எதிர்வீட்டு மாட்டுக்கு ஊற்றினால், மாட்டுக்காரம்மா "உங்க வீட்டுக் கஞ்சி மாட்டுக்கு நல்லா ஒத்துக்குதுங்க" என்று மனைவியிடமே நன்றி சொல்லுவார். மிச்சம் இருந்தது சிங்க். லோட்டாவைக் கவிழ்த்து, குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் நிறம்கூடத் தெரியாமல் கரைந்து போய்விடும். எவ்வளவு வேகத்தில் தண்ணீர் ஓடினால் வண்டல் தங்காது என்று ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டவன் நான். ஒரு லோட்டா கஞ்சி எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

வண்டல் வேறு, கஞ்சி வேறு. சூடாக ஓடுகிற கஞ்சி குழாயின் குளிர்ச்சியில் உறைந்துவிடும். நேற்றைய ஏட்டின் மீது இன்றைய ஏடு. இதை ஒரு சின்னப் பிள்ளை சொல்லும். எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் புது மாத்திரை வேலை செய்து சர்க்கரை இறங்கிவிட்டது. மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் கஞ்சிதான்" என்று தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் சொல்லி இரண்டு மூன்று வீடுகளில் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். "சாருக்கு என்னமா கேட்டிருக்கு பாருங்க" என்று என்னையே காட்டிப் பேசுவார்கள். நான் அடக்கமாகத் தலையாட்டுவேன்.

ஒருநாள் காலை சிங்க்கில் தண்ணீர் நின்றுவிட்டது. கடுகும் கறிவேப்பிலையும் மிதக்க, குட்டை மாதிரி அசையாமல் நின்றது.

"ஏங்க, இத வந்து பாருங்க" என்று மனைவி கூப்பிட்டாள். மருமகளும் அங்கே நின்றாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஆய்வுக்குப் போன அதிகாரி மாதிரி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கைக்கு எட்டிய தூரத்தில் என் லோட்டா, கழுவி வைத்தது, பளபளவென்று இருந்தது.

"டீத்தூள்தான்" என்றேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் காபி. டீ குடிப்பவள் மருமகள் ஒருத்தி மட்டுமே.

"நான் டீத்தூள சிங்க்ல போடுறதில்லயே மாமா. ரோஜாத் தொட்டியிலதான போடுறேன்" என்றாள் அவள்.

"நீ வேணும்னு போட்டிருக்க மாட்டம்மா. வடிகட்டிய கழுவும்போது கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும். உனக்கே தெரிஞ்சிருக்காது" என்றேன். கனிவாகச் சொன்னேன். அந்தக் கனிவை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. அதட்டிச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள்.

மனைவி அவளை ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரங்களை அள்ளி ஒரு அன்னக்கூடையில் போட்டு, "இனிமே இதெல்லாம் கொல்லைக் குழாயில கழுவிக்கம்மா" என்று மட்டும் சொன்னாள். அன்று பிற்பகல் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பழக்கமில்லடி அதுக்கு. சிங்க்கையெல்லாம் எங்க பாத்திருக்கும்?" என்றாள்.

வேலை முடிந்து வந்த மருமகள் செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் காதில் அது விழுந்தது. நான் கூடத்தில் நாற்காலியில் இருந்தேன். அவள் கேட்டதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். 'பழக்கமில்ல' என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்று எங்கள் இருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் செய்தித்தாளைப் புரட்டினேன்.

பிளம்பரைக் கூப்பிடலாம் என்று மனைவி சொன்னாள். பிளம்பர் வந்து திறந்தால் கஞ்சி வெளியே வரும். இந்த வீட்டில் சிவப்புக் கஞ்சி குடிப்பவன், குடிப்பதாகச் சொல்லிக்கொள்பவன், ஒருவனே.

"பிளம்பர் எதுக்கு? ஆத்தையே ஓட வெச்சவன் நான்" என்றேன்.

"ஆறு பெருசுங்க. தானா ஓடும்" என்றாள் மனைவி.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று அடுத்த இரண்டு நாளில் தெரிந்தது.

முதலில் தென்னை ஈர்க்குகளைக் கட்டாகக் கட்டிச் சிங்க்கின் ஓட்டையில் விட்டுக் குத்தினேன். ஈர்க்கு வளைந்துகொண்டு என் பக்கமே திரும்பி வந்தது. பிறகு ஆப்ப சோடாவைக் கொட்டி எலுமிச்சம்பழம் பிழிந்தேன். திருவிழாவில் சோடா உடைத்தது மாதிரி நுரை பொங்கியது. பார்க்க நன்றாக இருந்தது, தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. பிறகு ஒரு தவலைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினேன். சளக்கென்று ஒரு சத்தம், தண்ணீர் இறங்கியது. "போயிடுச்சு!" என்று கத்தினேன். மனைவி எட்டிப் பார்ப்பதற்குள் மறுபடி நின்றுவிட்டது. இளகிய கஞ்சி இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் என் தொழில் எனக்கு நினைவு வந்தது. வாய்க்காலைத் தூர் வாருவதென்றால் கடைமடையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். அப்போதுதான் வெட்ட வெட்டத் தண்ணீர் வடியும். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். எங்கள் சிங்க்குக்குக் கடைமடை கொல்லை வாழை. அங்கேதான் குழாய் முடிகிறது. ஒரு மூங்கில் பிளாச்சை எடுத்துப்போய்க் குழாயின் வாயில் செருகி மேல்நோக்கிக் குத்தினேன். ஒரு முழம் போனது, வளைவில் மாட்டியது. இழுத்தேன், ஒடிந்தது. பாதி என் கையில், பாதி குழாய்க்குள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் மாடித் தொட்டியிலிருந்து வரும் கொல்லைக் குழாயில் ஓஸ் பைப்பை மாட்டினேன். மறுமுனையை அந்தக் கடைமடையில் செருகி, என் பழைய பனியனைச் சுற்றி இறுக்கி, குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். மதகைத் திறந்தால் அடைப்பு அடித்துக்கொண்டு போகும் என்பதுதான் கணக்கு. தண்ணீர் கீழிருந்து மேலே போனால் எங்கே வெளியே வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

உள்ளே மனைவி அலறினாள். "ஏங்க! சிங்க்கு வாந்தி எடுக்குதுங்க!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். சிங்க்கின் ஓட்டையிலிருந்து தண்ணீர் குமுறிக் குமுறி எழுந்து, மேடையெல்லாம் வழிந்து, அவள் நறுக்கி வைத்திருந்த வெண்டைக்காயை அள்ளிக்கொண்டு தரையில் ஓடியது. தண்ணீரில் சிவப்புச் சிவப்பாகத் துணுக்குகள் மிதந்தன.

"இதென்ன செவப்பா?" என்றாள்.

"துரு" என்றேன். "பைப்பு பழசு."

அவள் தலையிலடித்துக்கொண்டு வெண்டைக்காயைப் பொறுக்கினாள். கொல்லைக் குழாயை மூடியதும் சிங்க் பழையபடி அடைத்துக்கொண்டது. மாலையில் மருமகள் வீட்டுக்கு வந்ததும், தரையில் காய்ந்து கிடந்த ஒரு துணுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துப் பார்த்தாள். "பிளாஸ்டிக் பைப்புல துரு புடிக்குமா மாமா?" என்று கேட்டாள். எனக்கு இருமல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகளின் அம்மா முதல்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பலமுறை அழைத்தும் எதையாவது சொல்லித் தள்ளிப் போட்டவர், கடைசியில் சரி என்றிருந்தார். சனிக்கிழமை பிற்பகல் சீக்கிரம் வீடு திரும்பிய மருமகள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். "நான் பாக்குறேன் அத்த. நாளைக்கு எங்கம்மா வர்றப்ப இப்படிக் கெடக்கக் கூடாது" என்றாள்.

"கைய விட்டுடாதம்மா, உள்ள என்னென்ன கெடக்கோ" என்றாள் மனைவி.

"மாட்டுக்குள்ள தோள் வரைக்கும் கைய விடுறவ நான். சிங்க்கு என்ன செஞ்சிடப் போவுது? ஒதைக்கவாப் போவுது?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் கீரைக்காரி குரல் கேட்க, கூடையை எடுத்துக்கொண்டு போனாள். நான் மட்டும் அங்கே நின்றேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

சிங்க்குக்கு அடியில் குப்பி மாதிரி ஒன்று தொங்கும். அதற்குக் கீழே அவள் வாளியை வைத்தாள். வழுக்காமல் இருக்க ஒரு பழைய துண்டை அந்தக் குப்பியின் கழுத்தில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். அவ்வளவுதான். மேலே நின்ற தண்ணீர் வாளியில் கொட்டியது. குப்பியைக் கவிழ்த்துத் தட்டினாள். உள்ளிருந்து பிட்டுக்குழாயிலிருந்து பிட்டு விழுவது மாதிரி, அச்சு மாறாமல் ஒரு கட்டி வந்து விழுந்தது. செங்கல் நிறம். நடுவில் வெந்தயம் தெரிந்தது.

அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். தொழில் பழக்கம். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது டீத்தூள் இல்ல மாமா."

நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

வாசலில் மனைவி கீரைக்காரியிடம் பேரம் முடித்துக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத்த வர்றாங்க. நீங்க சொல்றீங்களா? இல்ல, நான் வாளியக் கொண்டுபோயி வாழையில கொட்டிடவா?"

அவள் என்னை மிரட்டவில்லை. எனக்கு ஒரு வழி விட்டாள். எது வேண்டும் என்று என்னிடமே கேட்டாள்.

"கொட்டிடும்மா" என்றேன்.

முதலில் சொன்ன பொய்யை விட இந்த ஒரு சொல்தான் பெரிய தப்பு. முதல் பொய் பயத்தில் வாயில் வந்தது. இது அப்படியில்லை. அவள் முகத்தைப் பார்த்து, அவள் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறாள் என்பதும் தெரிந்து, நான் சொன்னது.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினாள். பிறகு கொடிக்கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, முனையைத் தூண்டில் மாதிரி வளைத்து, கொல்லைப் பக்கக் குழாயில் விட்டுத் துழாவினாள். என் மூங்கில் பிளாச்சு வெளியே வந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "இதுவும் நான் டீ போட்டப்ப விழுந்ததா மாமா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை.

குப்பியைக் கழுவி மாட்டியதும் சிங்க்கில் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. மனைவிக்கு மகிழ்ச்சி. "அப்பாடா! இந்த டீத்தூளால எவ்வளவு பாடு பாத்தியா? சரி, நீ கொல்லையிலயே கழுவிக்க. சிங்க்க நான் பாத்துக்குறேன்" என்றாள். மருமகள் "சரிங்க அத்த" என்று சொல்லிவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனாள். சிங்க்கை ஓடவைத்தவளே அதில் கை கழுவக் கூடாது என்று ஆகிவிட்டது. நான் அதற்கும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வலங்கைமான் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். இளம் வயதில் நடவுக்குப் போனவர். இப்போது சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று அவரே பயிர் செய்கிறார். ஒரு பை பச்சைப்பயறும் ஒரு டின் முறுக்கும் கொண்டுவந்திருந்தார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். மனைவி குறை சொல்ல முடியாதபடி உபசரித்தாள். தலைவாழை இலை போட்டு, இரண்டு பொரியல், வடை, பாயசம் என்று பரிமாறினாள். போகப் போகச் சம்பந்தியம்மாவும் சகஜமாகி, இந்த முறை கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பெய்த மழையைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். மருமகளின் முகத்தில் அன்றைக்குத்தான் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது.

சாப்பிட்டதும் சும்மா உட்கார அவருக்கு வரவில்லை. பாயசக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"ஐயோ, நீங்க ஏன், வைங்க" என்று மனைவி பின்னாலேயே போனாள். அவர் அதற்குள் சிங்க்கில் கிண்ணத்தை வைத்துக் குழாயைத் திறந்திருந்தார். மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பாத்துக் கழுவுங்க சம்மந்தியம்மா. உங்க பொண்ணு டீத்தூளப் போட்டு அடைச்சு, எங்களப் படாத பாடு படுத்திட்டா!"

மனைவி அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சம்பந்தியம்மா குழாயை மூடிவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க சம்மந்தியம்மா. அதுக்குச் சொல்லிக் குடுக்காதது என் தப்புதான்" என்றார். கிண்ணங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கொல்லைக் கதவைத் தாண்டி, படியிறங்கி, வெளிக் குழாயடியில் போய்க் குந்தினார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. எங்கே போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மருமகள் சுவரோடு சாய்ந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

நான் எழுந்து கொல்லைப்படியில் போய் நின்று சொன்னேன். "உங்க பொண்ணு அடைக்கலீங்க. நான்தான் அடைச்சேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"தெனமும் குடுக்குற கஞ்சிய சிங்க்ல ஊத்தினேன். அடைச்சுக்கிட்டதும் டீத்தூள்னு பொய் சொன்னேன். நேத்து உங்க பொண்ணு அதக் கையில எடுத்துக் காட்டிச்சு. அப்பவும் கொட்டிடுன்னு சொல்லிட்டேன். அது மேல ஒரு தப்பும் இல்ல."

முதலில் பேசியவள் என் மனைவி.

"தெனமுமா?"

"முதல் நாலஞ்சு நாள் குடிச்சேன்."

"அப்ப சுகரு எறங்குச்சே?"

"அது மாத்திரை."

"ஐயையோ!" என்று அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "தெரு பூரா கஞ்சின்னு சொல்லி வெச்சிருக்கேனே! கோடி வீட்டு அக்கா மாத்திரைய நிறுத்திட்டு இதயே குடிக்கவான்னு வேற கேட்டாங்களே! நல்லவேள, வேணாம்னேன்!"

குழாயடியில் குந்தியிருந்த சம்பந்தியம்மா மெதுவாக எழுந்தார். "மாப்புள்ளச் சம்பாவயா ஊத்துனீங்க?" என்றார். "அது வெளையிறதுக்குள்ள நாங்க உசுரக் குடுக்குறோம். ஆளு ஒசரம் வளந்து, காத்துக்குச் சாஞ்சு... அதப்போயி சிங்க்கு குடிச்சுதா?" கோபமாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது உதடு துடித்து அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. மருமகளைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

மனைவி அவள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நீயாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா அத்த?"

மனைவி முந்தானையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். நம்பியிருப்பேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

அன்றே மனைவியின் தங்கையை நானே போனில் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் அவள், "சரி விடுங்க அத்தான். இதப்போயி சொல்லிக்கிட்டு? அந்தப் பொண்ணு பண்ணுனதாவே இருந்துட்டுப் போவட்டுமே" என்றாள். என் மனைவி போனைப் பிடுங்கி, "ஏண்டி இருந்துட்டுப் போவணும்? அவ என்ன பண்ணினா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி நான் செய்த எதையும் விட மருமகளுக்குப் பெரிதாக இருந்திருக்கும். நான் எதிர்பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை மருமகள் ஸ்கூட்டியை வெளியே தள்ளும்போது வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"டீத்தூள்னு சொன்னீங்கள்ல, அதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல மாமா. நான் பாக்குற மாட்டுக்காரங்க பாதிப் பேரு அப்படித்தான், மாடு என்ன தின்னுச்சுன்னு உண்மையச் சொல்லவே மாட்டாங்க. 'கொட்டிடும்மா'ன்னீங்க பாருங்க, அதுதான் போவ மாட்டேங்குது."

"தெரியும்மா."

"கொஞ்ச நாளாவும் மாமா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். ஆனது. கொஞ்ச நாளுக்கு என்னோடு அளவாகப் பேசினாள். நானும் அவளை அவசரப்படுத்தவில்லை.

நான் செய்யக்கூடியதாக இருந்தவற்றைச் செய்தேன். சனிக்கிழமைதோறும் குப்பியைக் கழற்றிக் கழுவுவது இப்போது என் வேலை. முதல் தடவை, வாளியில் பிடித்த அழுக்குத் தண்ணீரை, குப்பியை மாட்டாமலே சிங்க்கில் திருப்பி ஊற்றி என் கால் முழுக்க நனைத்துக்கொண்டேன். மருமகள் பார்த்துக்கொண்டே நின்றாள், தடுக்கவில்லை. "எஞ்சினியரு" என்று மட்டும் சொன்னாள். கஞ்சியும் தொடர்கிறது. மனைவி இப்போது கோயிலுக்குத் தாமதமாகப் போகிறாள். நான் குடித்து முடித்து லோட்டாவைக் கவிழ்த்துக் காட்டும்வரை எதிரிலேயே நிற்கிறாள். காலைச் சமையல் மறுபடி மருமகளுடையது. சிங்க்கைப் பற்றி மனைவி அவளிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

அறுவடை முடிந்த பிறகு சம்பந்தியம்மா மறுபடி வந்தார். இந்த முறை விருந்து இல்லை. சாதாரணச் சாப்பாடு, எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டுதான். சாப்பிட்டதும் அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார்.

"சம்மந்தியம்மா, இங்கயே கழுவுங்க. உள்ள வாங்க" என்றாள் மனைவி, கொஞ்சம் பதறி.

"இருக்கட்டும். எனக்கு வெளித் தண்ணிதான் தோது" என்றார் அவர் சிரித்த முகத்தோடு. பழக்கத்தில் சொன்னாரா, அன்றைக்குப் பட்டது இன்னும் ஆறாமல் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற விஷயமும் அல்ல.

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே படியிறங்கினேன்.

"நீங்க எதுக்கு சம்மந்தி?"

"எனக்கும் தோதுதான்" என்றேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். முழங்கால் வலியோடு பக்கத்தில் குந்தினேன். சற்று நேரம் கழித்து மனைவியும் தட்டோடு வந்து நின்றாள். "ஒரு கொழாயி, மூணு கெழடு. மொறப்பாசனம்தான் வெக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே எங்கள் முறை முடியக் காத்திருந்தாள்.

சமையலறை ஜன்னலில் மருமகளின் தலை தெரிந்தது. "ஏன் எல்லாரும் அங்க போய் நிக்கிறீங்க? இங்க சிங்க்கு சும்மாதான கெடக்கு!"

"நீ கழுவு தாயி, அது ஒன்னோடது" என்று அவள் அம்மா கத்திச் சொன்னார். மருமகள் உள்ளே எதையோ சொல்லிச் சிரித்தது கேட்டது. குழாய்ச் சத்தத்தில் என்னவென்று விளங்கவில்லை. என் தட்டில் பருப்பு காய்ந்து பிடித்திருந்தது. சம்பந்தியம்மா தேங்காய்நாரை என் பக்கம் தள்ளினார்.